பரணில் கிடைத்த கிராமபோன் பிளேட்டுகளை முதலில் என்ன செய்வது?

கடலூர் முதுநகரிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: பாட்டி வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி. அதில் நாற்பது கிராமபோன் பிளேட்டுகள் இருக்கலாம். அடியில் நூல் கட்டிய சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர் வீட்டில் சாவி கொடுக்கிற கிராமபோன் இருக்கிறது, அதில் போட்டுக் கேட்கலாமா, கேட்டதை யூடியூபில் ஏற்றலாமா என்று கேட்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பாட்டுகள் ஏற்கெனவே ஏதாவது காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றனவா, இல்லை உங்கள் கையில் இருப்பதுதான் மிஞ்சிய பிரதியா? அதற்கு விடை தெரிகிறவரை ஒவ்வொரு பிளேட்டையும் மிஞ்சிய ஒரே பிரதியாகவே நடத்துங்கள். ஸ்பிரிட்டும் வேண்டாம், சாவி கிராமபோனும் வேண்டாம். முதலில் பட்டியல், அப்புறம் சுத்தம், கடைசியில்தான் ஒலி.

ஸ்பிரிட் ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒரே துடைப்பில் காரியத்தைக் கெடுத்துவிடும். உங்களிடம் இருப்பது போன்ற 78 சுற்று பிளேட்டு (நிமிஷத்துக்கு 78 முறை சுற்றுவது) பிளாஸ்டிக் அல்ல. அரக்கோடு கல்மாவும் கரிப்பொடியும் கலந்து சூட்டில் அழுத்திச் செய்தது. அரக்கு சாராயத்தில் கரையும். மரச்சாமானுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதான். ஆகவே சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அருகே வரக்கூடாது. துடைத்ததும் வருகிற பளபளப்பு, ஊசி ஓடும் வரிப்பள்ளத்தின் சுவர் கரைந்து மழுங்கியதால் வருவது. பாட்டு அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

சாவி கிராமபோன் விஷயமும் அப்படித்தான். அதன் சவுண்ட் பாக்ஸ் (ஊசி மாட்டும் தலைப்பகுதி) ஊசியின் மேல் நூறு கிராமுக்கு மேல் பாரத்தை ஏற்றும். இன்றைய டர்ன்டேபிளில் (மின்சாரத்தில் பிளேட்டு ஓட்டும் இயந்திரம்) 78 சுற்றுக்கு வைக்கும் பாரம் மூன்றிலிருந்து ஐந்து கிராம். பிளேட்டில் கல்மா கலந்திருப்பதே எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்வதற்காகத்தான். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று அந்தக் காலத்தில் மாற்றினார்கள். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பாட்டு கேட்ட வீடுகளின் பிளேட்டுகளைப் பார்த்தாலே தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால், பாடகர் உச்சஸ்தாயிக்குப் போகும் இடங்களில் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் தட்டியிருக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடுகள் கிழிந்திருந்தால் அது அடிக்கடி ஓடிய பிளேட்டு என்று அர்த்தம். இந்த இரண்டையும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள், எதை முதலில் ஒலியெடுப்பது என்று முடிவு செய்ய உதவும்.

இனி பட்டியல். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிசை. கம்பெனிப் பெயர், லேபிளின் நிறம், அளவு (பத்து அங்குலமா, பன்னிரண்டா), பாடகர் பெயர், பாட்டின் முதல் அடி, ராகம் தாளம் அச்சிட்டிருந்தால் அவை, பிளேட்டு எண். எல்லாவற்றையும் லேபிளில் உள்ள எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதுங்கள், திருத்தம் தனிப் பத்தியில் இருக்கட்டும். மிக முக்கியமானது லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் உள்ள வழவழப்பான வளையம். அங்கே அரக்கிலேயே பதிந்த ஓர் எண் இருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். சில பிளேட்டுகளில் அது லேபிளின் அடியில் புடைத்துத் தெரியும். பிளேட்டு எண் என்பது கடை விற்பனைக்கு வைத்தது. மேட்ரிக்ஸ் எண்தான் அன்று அந்த அறையில் நடந்த அந்த ஒரு பதிவின் அடையாளம். ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை பதிந்து அந்த வேறு வேறு பதிவுகளை அதே பிளேட்டு எண்ணில் விற்றதுண்டு. பழைய பதிவைப் புது எண்ணில் மறுபடி விட்டதும் உண்டு. காப்பகத்தில் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றா என்று மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்த்துத்தான் துணிந்து சொல்ல முடியும். அதைப் படம் எடுக்க அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது.

காலம் கணிப்பதில் எது நிச்சயம், எது யூகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் கிராமபோன் கம்பெனி (பின்னால் எச்.எம்.வி. நாய் முத்திரை போட்ட நிறுவனம்) முதல் பதிவை எடுத்தது 1902 இறுதியில் கல்கத்தாவில். பாட்டைப் பதிந்த மெழுகுத் தட்டு கப்பலில் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் பிளேட்டாக வந்தது. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது. ஆகவே கிராமபோன் கம்பெனி லேபிளில் ஹானோவர் என்று இருந்தால் அது அதற்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறுமை என்றால் அதுவும் பெரும்பாலும் 1910-க்கு முந்தியது. இறகுப் பேனாவால் எழுதும் தேவதை முத்திரை, நாய் முத்திரைக்கு மூத்தது. மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம் இருந்தால் அது 1925-க்குப் பிந்தைய மின்பதிவு (மைக் வைத்துப் பதிந்தது). சதுரம் இருந்தால் 1931-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த முறை. இவை கிராமபோன் கம்பெனியின் குறிகள், எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. பாடியவரின் ஆயுளும் ஒரு வேலி. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் காலமானார். எனவே அவர் குரல் பதிந்தது அதற்கு முன்புதான். ஆனால் அந்த பிளேட்டு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சாகி விற்றது. லேபிளின் காலம் வேறு, குரலின் காலம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் இணையத்தில் அதிகம் பார்க்கும் தவறு. பழுப்புக் காகித உறையில் ஊர்க் கடை முத்திரை இருந்தால் அது அருமையான உள்ளூர்ச் சான்று, படம் எடுத்து வையுங்கள். ஆனால் உறைகள் மாறிப்போவது சகஜம், அதை வைத்து பிளேட்டுக்கு வருஷம் போடாதீர்கள்.

உங்கள் வட்டாரத்து வீடுகளில் எதிர்பார்க்கக்கூடியவை கச்சேரிக் கீர்த்தனைகள், நாடகப் பாட்டுகள், பஜனை, தேசியப் பாட்டுகள், 1930-களில் தொடங்கும் சினிமாப் பாட்டுகள். நாடகப் பாட்டை இரண்டாந்தரமாக நினைத்துக் கடைசியில் வைக்காதீர்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில்தான் மறைந்தார், கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவர் நாடகங்களை நடித்த தலைமுறை மேடையில் எப்படிப் பாடியது என்பதற்குக் காதால் கேட்கும் சான்று இந்த பிளேட்டுகள்தான். கச்சேரி வித்வான்களை மட்டும் தேடிச் சேர்த்தவர்கள் இவற்றை விட்டுவிட்டதால் நாடக பிளேட்டுகள்தான் இன்று காப்பகங்களில் அதிக ஓட்டையாக இருக்கின்றன என்பது என் கணிப்பு. முழு நாடகத்தையும் பல பிளேட்டுகளில் தொடர்ச்சியாக விற்ற செட்டுகள் உண்டு. பாகம் 1, பாகம் 2 என்று லேபிளில் கண்டால் வரிசை குலையாமல் ஒன்றாக வையுங்கள்.

அதே நேரம், பிளேட்டில் கேட்பதைக் கச்சேரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பத்து அங்குல பிளேட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷம்தான் இடம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், கொஞ்சம் ஸ்வரம் எல்லாம் அடங்க வேண்டும். வேகமாகப் பாடியிருக்கிறார்கள் என்பதால் அக்காலத்தில் மேடையிலும் அவ்வளவு வேகம்தான் என்று முடிவு கட்ட இந்தச் சான்று போதாது. மைக் வருவதற்கு முன் பெரிய குழாய்க்கு எதிரே நின்று பாடிய பதிவுகளில் தாழ்ந்த ஒலி ஏறவே ஏறாது. மிருதங்கம் கேட்கவில்லை என்றால் வாசிக்கவில்லை என்று பொருளல்ல. லேபிளில் போட்ட ராகப் பெயர் தவறாக இருப்பதும் உண்டு. முடிவில் பாடகரே தன் பெயரைச் சொல்லும் பதிவுகள் இருக்கின்றன. அங்கே லேபிளைவிடக் குரலை நம்பலாம்.

சுத்தம் செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பூஞ்சை பூத்திருந்தால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் வளைவோடு உலர்வாகத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில், மணமோ நிறமோ இல்லாத மென்மையான சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு. அதில் தூரிகையை நனைத்துப் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிள் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. லேபிள் அளவுக்கு வட்டமாக வெட்டிய ரப்பர் தகட்டால் மூடிக்கொள்ளலாம். வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு முறை அலசி, பஞ்சு போன்ற துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி வைத்துக் காய விடுங்கள். கடலூர் போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்தில் படிந்து ஊசிக்கு அடியில் கரகரக்கும். விரிசல் விட்ட பிளேட்டையும் ஓரம் பிளந்து உள்ளே காகிதமோ அட்டையோ தெரிகிற பிளேட்டையும் நனைக்கவே கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கி மேல்தோல் உரிந்துவிடும். உடைந்தவற்றை உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, தட்டையான அட்டைப் பெட்டியில் போட்டு எண்ணைக் குறியுங்கள். ஒட்டாத துண்டுகளிலிருந்து ஒலி எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பசை ஊறிய துண்டுகளில் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒலியெடுக்க 78 வேகம் உள்ள, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய முனை) மாற்றக்கூடிய டர்ன்டேபிள் வேண்டும். நாற்பது பிளேட்டுக்காகப் புதிதாக வாங்குவதைவிட, அந்த வசதி வைத்திருப்பவரிடம் போவது நல்லது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்.பி. (78-க்குப் பிறகு வந்த நீண்ட நேர பிளேட்டு) ஊசியின் முனை சுமார் 18 முதல் 25 மைக்ரான். 78-க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவில். எல்.பி. ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உழுதுகொண்டு போகும், சுவரைத் தொடாது. நல்லவர்களிடம் சற்றுச் சிறிதும் பெரிதுமாக நாலைந்து ஊசிகள் இருக்கும். எஃகு ஊசி தேய்த்த உயரத்துக்கு மேலேயோ கீழேயோ தேயாத சுவரைப் பிடிப்பதற்காக அவை. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் இரண்டு சுவரையும் தனித்தனியாகவே பதியச் சொல்லுங்கள், மோனோவாக்குவது (இரண்டையும் ஒன்றாகக் கலப்பது) பிறகு. புதுச்சேரி வீட்டுச் சேகரங்களில் பாத்தே போன்ற பிரெஞ்சு பிளேட்டுகள் கலந்திருக்கக்கூடும். பழைய பாத்தேயில் ஊசி பக்கவாட்டில் அசையாது, மேலும் கீழும் அசையும். அதை வழக்கமான முறையில் மோனோவாக்கினால் பாட்டு ரத்தாகி இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

கோப்பு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் வடிவில் இருக்கட்டும். ஸ்டீரியோவில் நிமிஷத்துக்குச் சுமார் 35 எம்.பி. ஆகும், நாற்பது பிளேட்டுக்குப் பத்து ஜி.பி. இருந்தால் போதும். அதற்கு எம்.பி.3-ல் சிக்கனம் பார்க்க அவசியமே இல்லை. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளை மூலக்கோப்பின் மேல் ஓட்டக்கூடாது. கரகரப்போடு சேர்ந்து வயலினின் கமகமும் பாடகரின் மூச்சும் போய்விடும். கேட்பதற்காகத் தனிப் பிரதி எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இன்றைய போனோ பிரீஆம்பில் (டர்ன்டேபிள் ஒலியைப் பெருக்கும் கருவி) 1954-க்குப் பிந்தைய எல்.பி.க்கான ஒலித் திருத்தம், அதாவது தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் ஏற்றி இறக்கிச் சமன் செய்வது, உள்ளேயே இருக்கும், அது இந்த பிளேட்டுகளுக்கு உரியது அல்ல. வேறு வழியில்லாமல் அதில்தான் எடுத்தீர்கள் என்றால் அதைக் குறிப்பில் எழுதுங்கள், பின்னால் திருப்பிவிடலாம்.

வேகம்தான் எல்லாவற்றிலும் சிக்கல். 78 என்பது பின்னால் நிலைத்த எண். குழாய்ப் பதிவுக் காலத்தில் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை எதுவும் இருக்கலாம். ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். 78-ல் ஓட வேண்டியதை ஏறக்குறைய 82.6-ல் ஓட்டினால் ஐந்து கட்டைக் குரல் ஐந்தரையாகிவிடும். இப்படி ஏறிப்போன பிரதிகளைக் கேட்டுவிட்டு அந்தக் காலப் பாடகிகள் எல்லாருக்கும் கீச்சுக்குரல் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். முதலில் டர்ன்டேபிள் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் வட்டு வேண்டும். வேகம் 77.92 ஆக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.இ.டி. வெளிச்சத்தில் பெரும்பாலும் இது தெரியாது, சோக் போட்ட பழைய டியூப் லைட்டில் பாருங்கள். இயந்திரம் சரி என்பது நிச்சயம் ஆன பிறகு, பதிவின் வேகம் யூகம்தான். ஆர்மோனியம் பக்கவாத்தியமாக இருந்தால் அது ஏதாவது ஒரு கட்டையில் நிற்க வேண்டும், அதை வைத்து அருகில் வரலாம். அப்போதும் அரைக் கட்டை மேலா கீழா என்ற சந்தேகம் தீராது. ஒரே அமர்வில் பதிந்த, மேட்ரிக்ஸ் எண்கள் அடுத்தடுத்து வரும் பிளேட்டுகளை ஒப்பிட்டால் சந்தேகம் குறையும். நீங்கள் எந்த வேகத்தில் எடுத்தீர்கள் என்பதைக் கோப்புப் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பாட்டுப் புத்தகங்கள். பலரும் பிளேட்டை வைத்துக்கொண்டு இவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எட்டுப் பக்கம், பதினாறு பக்கத்தில் காலணா அரையணாவுக்கு விற்ற சிந்து, கும்மி, தெம்மாங்கு, கொலைச்சிந்து, வெள்ளச்சிந்து இவற்றில் பெரும்பகுதி பிளேட்டில் ஏறவே இல்லை. ஆனால் பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில் வர்ணமெட்டு என்று போட்டு, அப்போது எல்லாருக்கும் தெரிந்த வேறொரு பாட்டின் முதல் அடியைக் கொடுத்திருப்பார்கள். அந்த வேறொரு பாட்டு பிளேட்டில் இருந்தால், அச்சில் ஊமையாகக் கிடக்கும் சிந்துக்கு மெட்டு கிடைத்துவிடுகிறது. அது பிளேட்டால் பிரபலமான மெட்டு என்றால், புத்தகம் அந்த பிளேட்டுக்குப் பிந்தியது என்றும் தெரிகிறது. பெட்டியில் இரண்டும் சேர்ந்தே இருப்பது பெரிய பாக்கியம், பிரிக்காதீர்கள். வருஷம் அச்சிடாத புத்தகத்திலும் அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867-ம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டப்படி பதிவான நூல்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழோடு பட்டியலாக வந்தன, அங்கே தேடலாம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் அச்சகங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது, ஆகவே அவை அந்தப் பட்டியலில் வராது. பின்னட்டை விளம்பரம் உட்பட எல்லாப் பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். துருப்பிடித்த பின் (ஸ்டேபிள்) இருந்தால் இழுக்காமல், மெல்லிய தகட்டால் காலை நிமிர்த்தி எடுங்கள். செல்லோடேப்பும் லேமினேஷனும் காகிதத்தைக் கொன்றுவிடும்.

திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள், மொட்டைமாடிச் சூட்டில் மே மாதம் பிளேட்டு வளையும். தரைத்தளத் தரையும் வேண்டாம். 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெங்கல் எல்லாம் பார்த்த ஊர் உங்களுடையது. வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரியில், இடுப்பு உயரத்தில், புத்தகம் போல நேராக நிறுத்தி வையுங்கள். பத்து அங்குல பிளேட்டு ஒன்று சுமார் 200 கிராம், படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை உடையும். சாய்ந்தாலும் வளையும், பத்துப் பன்னிரண்டுக்கு ஒரு தடுப்புப் பலகை கொடுங்கள்.

காப்பகங்களுக்கு வருகிறேன். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில்தான் இரண்டு வகையையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாட்டுப் புத்தகங்கள், கிராமபோன் பாட்டுத் தொகுப்புகள், பிளேட்டுகள் மூன்றும் அங்கே உண்டு. ஓடியன், யங் இந்தியா என்ற கம்பெனிப் பெயர்களில் வந்த பிளேட்டுகளுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் எண்ணிமப்படுத்திய தொகுப்புகள் உள்ளன. ஓடியனில் 1912-16, 1932-38 காலப் பதிவுகள் அதில் வருகின்றன. 1910 வரையிலான கிராமபோன் கம்பெனி பதிவுகளுக்கு மைக்கேல் கின்னியர் தொகுத்த பட்டியல்கள் அடிப்படை. உங்களுக்குப் பக்கத்திலேயே உள்ள புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பலம் ஓலைச்சுவடியும் புகைப்படமும், பிளேட்டுகளுக்கு அதை முதல் இடமாக நினைக்க வேண்டாம். பட்டியலில் எண் இல்லை என்பதால் உங்களுடையது ஒரே பிரதி என்று உறுதி ஆகிவிடாது. தனியார் சேகரிப்புகள் பல இன்னும் பட்டியலிடப்படவே இல்லை. எண் இருந்தாலும் உங்களுடையதைத் தூக்கிப்போட அது காரணமல்ல, அவர்கள் பிரதி தேய்ந்த இடத்தில் உங்களுடையது தேயாமல் இருக்கலாம்.

யூடியூபில் ஏற்றுவது பற்றி: ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நான் மேலே பேசிய, 1930-கள் வரையிலான பதிவுகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை தனி, அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல், ஆகவே அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை அது நீடிக்கும். கோபாலகிருஷ்ண பாரதி, சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஏற்றும்போது மேட்ரிக்ஸ் எண்ணையும் ஓட்டிய வேகத்தையும் விவரக் குறிப்பில் போடுங்கள். காப்பகத்துக்கு பிளேட்டுகளைக் கொடுப்பதாக இருந்தால், எண்ணோடு கூடிய உங்கள் பட்டியலை இணைத்து, முழுத் தரக் கோப்புகளின் பிரதி உங்களுக்கு வர வேண்டும், பெட்டி முழுவதும் ஒரே தொகுப்பாக உங்கள் பாட்டி பெயரில் இருக்க வேண்டும், பொதுமக்கள் கேட்க அனுமதி உண்டா என்ற மூன்றையும் கையெழுத்தான காகிதத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பெட்டியை வீட்டைவிட்டு அனுப்புங்கள்.